89 நானோமீட்டர், 64 இரவுகள்: ஒரு சிலிக்கான் அனோடின் கதை

2007 டிசம்பரில் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழ் இணையத்தில் வெளியிட்ட, லித்தியம் பேட்டரி பற்றிய ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து வருகின்றன: 89, 141. லித்தியம் ஏறுவதற்கு முன் சிலிக்கான் கம்பிகளின் சராசரி விட்டம் 89 நானோமீட்டர். ஏறிய பின் 141. வேகமாகப் படிப்பவர் கண்ணில் படாமலேயே போகக்கூடிய எண்கள்தாம். ஆனால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டம் அவ்வளவு கூடினால் குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டரை மடங்கு ஆகிறது. முழுதாக லித்தியம் ஏறிய சிலிக்கானின் கன அளவோ ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. மிச்சம் எங்கே போயிற்று? நீளவாட்டில் போயிற்று. கம்பிகள் தடித்ததோடு நிற்காமல் நீண்டிருக்கின்றன, நீண்ட நீளத்துக்கு இடம் போதாமல் வளைந்து சுருண்டிருக்கின்றன. அத்தனைக்குப் பிறகும் அவை ஒடியவில்லை, ஊன்றியிருந்த எஃகுத் தகட்டை விட்டுப் பெயரவும் இல்லை.

அந்தக் கட்டுரையின் கண்டுபிடிப்பு முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். இந்த ஆய்வு கேட்கும் கேள்வி அதற்கு அடுத்தது: ஒடியாத அந்தக் கம்பி நம் கைபேசிக்குள் ஏன் வரவில்லை, ஆளில்லா விமானம் ஒன்றுக்குள் மட்டும் எப்படிப் போய் உட்கார்ந்தது?

கட்டுரையின் முதல் ஆசிரியர் கேண்டிஸ் சான், அப்போது ஆராய்ச்சி மாணவி. ஆய்வுக் குழுவின் தலைவர் யி சுவெய். 1976இல் சீனாவில் பிறந்தவர், சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு ஹார்வர்டில் சார்ல்ஸ் லீபரிடம் 2002இல் முனைவர் பட்டம் பெற்றவர். லீபரின் ஆய்வகம் அந்நாளில் நானோ கம்பிகளின் பட்டறை. சிலிக்கானைக் கம்பியாக வளர்ப்பது, அதை டிரான்சிஸ்டராக்குவது, உணர்கருவியாக்குவது என்று அங்கே எல்லாமே கம்பிதான். பிறகு பெர்க்லியில் பால் அலிவிசாடோஸிடம் சில ஆண்டுகள். 2005இல் ஸ்டான்ஃபோர்டில் பொருளறிவியல் துறையில் சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது கருவி, பேட்டரி அல்ல. பேட்டரி தெரிந்த ஆள் அதே துறையில் இருந்தார்: ராபர்ட் ஹக்கின்ஸ். லித்தியம் உலோகக் கலவைகள் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த மூத்தவர். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கடைசிக்கு முந்திய பெயர் அவருடையது. இளையவரின் கைத்திறனும் மூத்தவரின் பழைய தலைவலியும் ஒரே கட்டடத்தில் சந்தித்துக்கொண்டதால் நடந்த வேலை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தலைவலி என்ன? 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து லித்தியம் அயனி பேட்டரியின் அனோடில், அதாவது எதிர்முனையில், கார்பன்தான் ஆட்சி செய்கிறது. இன்று அது பெரும்பாலும் கிராஃபைட். அடுக்கடுக்கான கார்பன் ஏடுகளுக்கு இடையில் லித்தியம் நுழைந்து உட்காருகிறது, திரும்பப் போகிறது. ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம். கணக்குப்படி ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி. உட்காரும்போது கிராஃபைட் பத்து விழுக்காடு அளவுக்கு உப்பும், அவ்வளவுதான். சிலிக்கானோ ஓர் அணுவுக்கு நான்கு லித்தியம் அணுக்கள் வரை வாங்கிக்கொள்ளும். அறை வெப்பநிலையில் கிடைக்கும் சேர்மத்தைக் கணக்கில் கொண்டால் கிராமுக்குச் சுமார் 3,580. பழைய கட்டுரைகள் உயர்வெப்பநிலைச் சேர்மத்தை வைத்து 4,200 என்று எழுதும். கிராஃபைட்டைப்போல் பத்து மடங்கு. ஆனால் சிலிக்கான் லித்தியத்தை இடுக்கில் உட்கார வைப்பதில்லை, தன் படிக அமைப்பையே கலைத்துக்கொண்டு அதோடு கலந்துவிடுகிறது. அதனால்தான் நான்கு மடங்கு வீக்கம். லித்தியம் இறங்கும்போது மறுபடி சுருங்க வேண்டும். சில முறை வீங்கிச் சுருங்கினால் துகள் பொடிப்பொடியாகிவிடும். பொடியானவை மின் இணைப்பை இழக்கும். இணைப்பை இழந்த சிலிக்கான் பேட்டரிக்குள் வெறும் மணல்.

வீங்கும் உலோகத்தை அடக்க முயன்ற முதல் ஆள் சுவெய் அல்ல. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் 1997இல் வெள்ளீய ஆக்சைடு அனோடு பற்றி 'சயன்ஸ்' இதழில் எழுதியது. சோனி 2005இல் வெள்ளீயம், கோபால்ட், கார்பன் கலந்த அனோடோடு 'நெக்சீலியன்' என்ற பேட்டரியைக் கடைக்கே கொண்டுவந்தது. இரண்டும் கிராஃபைட்டை அசைக்கவில்லை.

ஏன் நானோ? வெயிலில் வற்றிய குளத்தைப் பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். தடிமனான களிமண் படிவு பாளம் பாளமாக வெடிக்கிறது. அதே களிமண்ணை ஓட்டின்மேல் மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் வெடிப்பதில்லை. விரிசல் ஒன்று ஓடுவதற்கு ஆற்றல் வேண்டும். சுருங்கும்போதும் வீங்கும்போதும் பொருளுக்குள் சேரும் இழுவிசை ஆற்றல்தான் அதற்குத் தீனி. பொருள் சிறுத்துவிட்டால் விரிசலுக்குப் போதுமான தீனியைச் சேர்த்துவைக்க அதற்குள் இடமில்லை. சிலிக்கான் துகளுக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 150 நானோமீட்டர் என்று பின்னாளில், 2012இல், மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே லித்தியம் ஏற்றிப் பார்த்த ஒரு குழு காட்டியது. அதற்குக் குறைந்தவை வீங்கின, வெடிக்கவில்லை. 2007இல் அந்த எண் யாருக்கும் தெரியாது. 89 அந்த வரம்புக்குள் விழுந்தது.

கம்பி என்ற வடிவத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. துகள்களைப் பசை போட்டு ஒட்டினால் மின்சாரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் போக வேண்டும். கம்பியோ அடியில் தகட்டிலேயே வேர்விட்டிருக்கிறது, ஒவ்வொரு கம்பிக்கும் தனி இணைப்பு. வளர்க்கும் முறை லீபர் ஆய்வகத்துக் கைவழக்கம்: எஃகுத் தகட்டின்மேல் தங்கத்தை நானோ துளிகளாக வைப்பது, சூடாக்குவது, சிலேன் வாயுவை விடுவது. தங்கமும் சிலிக்கானும் சேர்ந்த கலவை 363 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அந்த உருகிய துளி வாயுவிலிருந்து சிலிக்கானை உறிஞ்சி உறிஞ்சி, நிறைந்ததும் அடிப்பக்கமாகப் படிய விடுகிறது. துளி தலையில் நிற்க, கீழே கம்பி வளர்ந்துகொண்டே போகிறது, புல் நுனியில் பனித்துளி நிற்பது போல. காற்றுப் பட்டால் தானாகத் தீப்பற்றும் வாயுவை வைத்துக்கொண்டு இவ்வளவு மென்மையான வேலை.

முடிவு? முதல் முறை லித்தியம் ஏற்றும்போது கிராமுக்கு 4,277. இறக்கும்போது 3,124. இரண்டாம் முறையிலிருந்து ஏறுவதும் இறங்குவதும் நெருங்கி வந்தன, பத்துச் சுற்றுகள் வரை கொள்ளளவு பெரிதாகக் குறையவில்லை. பத்துச் சுற்றா என்று இன்று சிரிப்பு வரலாம். அதற்கு முந்திய சிலிக்கான் துகள்கள் பத்துச் சுற்றுக்குள் என்ன பாடு பட்டன என்பதைப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

இங்கே ஒரு தலைப்புச் செய்தி குறுக்கே வந்தது. இப்போதுள்ள பேட்டரியைவிடப் பத்து மடங்கு மின்னூட்டம் தாங்கும் நானோ கம்பி பேட்டரி, இரண்டு மணி நேரம் ஓடும் மடிக்கணினி இனி இருபது மணி நேரம் ஓடும் என்று பல்கலைக்கழகத்தின் செய்திக் குறிப்பே சொன்னது. உலகப் பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டன. அனோடு பத்து மடங்கு என்பது சரி, பேட்டரி பத்து மடங்கு என்பது சரியில்லை. அனோடு பேட்டரியில் பாதிக் கதை. வந்து சேரும் ஒவ்வொரு லித்தியத்தையும் மறுபக்கத்தில் இருக்கும் நேர்முனையான கேத்தோடுதான் கொடுக்க வேண்டும்.

ஒரு ஆம்பியர் மணிக்குக் கணக்குப் போடுவோம். கிராமுக்கு 180 தரும் கேத்தோடு என்றால் 5.6 கிராம் வேண்டும். கிராஃபைட்டைக் கிராமுக்கு 360 என்று வைத்தால் 2.8 கிராம். இரண்டும் சேர்ந்து 8.4. கிராஃபைட்டை எடுத்துவிட்டுக் கிராமுக்கு 3,500 தரும் சிலிக்கானை வைத்தால் 0.3 கிராம் போதும். மொத்தம் 5.9. எடை மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. போதாக்குறைக்கு, சிலிக்கான் லித்தியத்தை விடுவிக்கும் மின்னழுத்தம் கிராஃபைட்டைவிடச் சற்று அதிகம். அதனால் பேட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட்டிலிருந்து 3.4 அளவுக்கு இறங்கும். எல்லாம் கழித்தால் அதே எடைக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1.3 மடங்கு. கேத்தோடைத் தடிமனாகப் பூசுவது, இரு முனைகளுக்கும் இடையே லித்தியத்தைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டைச் சிக்கனமாக ஊற்றுவது போன்ற கைவேலைகளால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். பத்து மடங்கு எந்த வழியிலும் வராது. இது பேட்டரித் துறையில் நுழைந்த முதல் ஆண்டிலேயே எவரும் போடக்கூடிய கணக்கு, செய்திக் குறிப்பு எழுதியவர் மட்டும் போடவில்லை. 30 விழுக்காடு என்பதே இந்தத் துறையில் பெரிய புதையல். அதைப் பத்து மடங்கு என்று சொல்லிவிட்டால், பிறகு 30 கிடைத்தாலும் ஏமாற்றமாகத்தான் தெரியும்.

திரும்பி அந்த முதல் சுற்றுக்கு வருவோம். 4,277 ஏறி 3,124 இறங்கியது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வரவில்லை. அது எங்கே போயிற்று என்று கேட்டால், பேட்டரிக்காரர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் எஸ்இஐ (SEI) என்ற மேற்பரப்புப் படலம். லித்தியம் ஏறிய அனோடின்மேல் எலக்ட்ரோலைட் பட்டதும் சிதைந்து ஒரு மெல்லிய படலமாக உறையும். சிதையும்போது லித்தியத்தையும் தின்றுவிடும். கிராஃபைட்டில் இந்தப் படலம் முதல் சுற்றில் ஒருமுறை உருவாகி நிலைத்துவிடுகிறது, புண்ணின்மேல் பொருக்குக் கட்டுவது போல. அதன் பிறகு அதுவே காவல். 2007 கட்டுரை, முதல் சுற்று இழப்பை இந்தப் படலத்தின் தலையில் போடவில்லை. படலம் உருவாகும் மின்னழுத்த எல்லையில் குறிப்பிடும்படியான மின்னூட்டம் எதுவும் பதிவாகவில்லை என்று காரணம் சொன்னது. 2009இல் அதே சான், சுவெய் குழுவினர் சிலிக்கான் கம்பிமேல் படியும் படலத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்கள். இரண்டு ஆண்டுக்குள் கவலை, ஒடிவதிலிருந்து தோலுக்கு இடம் மாறிவிட்டது. இந்த ஆய்வு முழுவதிலும் முக்கியமான திருப்பம் அதுதான் என்று நான் நினைக்கிறேன், எந்தச் செய்திக் குறிப்பும் அதைச் சொல்லவில்லை என்றாலும்.

ஒவ்வொரு முறை வீங்கும்போதும் சிலிக்கானின் மேற்பரப்புப் படலம் கிழிகிறது. கிழிந்த இடத்தில் புதுச் சிலிக்கான் எலக்ட்ரோலைட்டைப் பார்க்கிறது, புதுப் படலம் உறைகிறது. சுருங்கும்போது பழையது மடிந்து உரிகிறது. அடுத்த சுற்றில் மறுபடி. பொருக்கு ஆறவே ஆறாத புண். நானோ இங்கே கைகொடுக்கவில்லை, காலை வாரியது. பொருளை எவ்வளவு சிறிதாக நறுக்குகிறோமோ அவ்வளவு மேற்பரப்பு கூடும், அவ்வளவு படலம் வளரும், அவ்வளவு லித்தியம் செத்துப்போகும். உடையாமல் இருக்கச் சிறிதாக்க வேண்டும், தோல் குறையப் பெரிதாக்க வேண்டும். இரண்டையும் ஒரே பொருளிடம் எப்படிக் கேட்பது?

அடுத்த ஏழு ஆண்டுகள் சுவெயின் குழு செய்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதியதுதான். அவற்றில் இரண்டை அருகில் நின்று பார்க்கலாம்.

முதலாவது 2012இல் வந்த இரட்டைச் சுவர்க் குழாய். ஹுயி வூ முன்னின்று செய்தது. பாலிமரை மின்புலத்தில் நூற்று மெல்லிய இழையாக்கி, அதன்மேல் சிலிக்கானைப் படியவைத்து, பிறகு காற்றில் சுட்டார்கள். உள்ளே இருந்த இழை எரிந்து போய்க் குழாய் மிஞ்சியது. அதே சூட்டில் குழாயின் வெளிப்புறம் ஆக்சைடாகி ஓடு போல இறுகியது. லித்தியம் அந்த ஓட்டை ஊடுருவும், ஆனால் ஓடு விரியாது. எனவே சிலிக்கான் வெளியே வீங்க வழியில்லாமல் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை நோக்கி வீங்குகிறது. எலக்ட்ரோலைட் தொடும் வெளித்தோல் அசைவதே இல்லை, படலம் ஒருமுறை உருவாகி நின்றுவிடுகிறது. 6,000 சுற்றுகளுக்குப் பிறகும் 88 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சியது. 2007இன் பத்துச் சுற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கருத்து அளவில் இந்தக் குழுவின் மிக அழகான வேலை இதுதான் என்பேன். வீக்கத்தை எதிர்க்காமல் அது போகும் திசையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இழை நூற்று, பூசி, சுட்டு, டன் கணக்கில் அனோடு செய்வது யாராலும் ஆகாத காரியம்.

இரண்டாவது 2014இன் மாதுளை. நியான் லியூ முதல் ஆசிரியர். சிலிக்கான் நானோ துகள் ஒவ்வொன்றின்மேலும் சிலிக்கானின் ஆக்சைடான சிலிக்காவைப் பூசுவது, பூசிய துகள்களை எண்ணெய் நீர்த் துளிகளுக்குள் குவித்து மைக்ரான் அளவு உருண்டைகளாக்குவது, உருண்டைக்கு வெளியிலும் உள்ளிடுக்குகளிலும் கார்பன் படியவைப்பது, கடைசியில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் சிலிக்காவை மட்டும் கரைத்து வெளியேற்றுவது. சிலிக்கா இருந்த இடம் வெற்றிடமாகிறது. ஒவ்வொரு முத்தும் தன் கார்பன் அறைக்குள் தளர்வாகக் கிடக்கிறது, வீங்க இடம் உண்டு. எலக்ட்ரோலைட் வெளித்தோலை மட்டுமே தொடுகிறது. சிறியதாகவும் பெரியதாகவும் ஒரே நேரத்தில் இருக்கச் சொன்ன கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது: உள்ளே நானோ, வெளியே மைக்ரான். 1,000 சுற்றுக்குப் பின் 97 விழுக்காடு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.7 மில்லி ஆம்பியர் மணி. கடைப் பேட்டரியின் அனோடுக்கு இணையான அளவு.

அதே கட்டுரையில் இன்னோர் எண் இருக்கிறது, 99.87. ஒரு சுற்றில் ஏறிய லித்தியத்தில் எத்தனை விழுக்காடு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண். கூலும் திறன் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 0.9987 என்ற எண்ணை ஆயிரம் முறை தன்னால் பெருக்கிப் பாருங்கள். 0.27 வரும். சுற்றுக்கு 0.13 விழுக்காடு லித்தியம் போனால் ஆயிரம் சுற்றில் முக்கால் பங்கு போய்விடும். பிறகு 97 விழுக்காடு எப்படி மிஞ்சியது?

இதைப் புரிந்துகொள்ள ஒருவர் தம் கையால் ஒரு காயின் செல், அதாவது காசு வடிவச் சோதனைக் கலம், கட்டியிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்தில் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதல் என்பதால் தடித்த கறுப்பு ரப்பர்க் கையுறைகள் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும், யாரோ உள்ளிருந்து கை நீட்டுவது போல. அதற்குள் கையை விட்டுவிட்டால் விரல்கள் நம் விரல்களாக இருப்பதில்லை. இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகு மூடிக்குள் நாம் செய்த அனோடை வைத்து, நழுவிக்கொண்டே இருக்கும் பிரிப்புத் தாளை இடுக்கியால் மூன்றாம் முயற்சியில் பொருத்தி, எலக்ட்ரோலைட் சில சொட்டு விட்டு, மேலே லித்தியம் வில்லை ஒன்றை வைக்க வேண்டும். வெண்ணெய்க்கட்டி போல வெட்டுப்படும் பளபளப்பான உலோகம். பிறகு ஒரு தட்டு, ஒரு வில், மேல்மூடி, அழுத்தும் கருவி. முதல் நாள் நான் கட்டிய ஐந்தில் மூன்று வேலை செய்யவில்லை.

அந்த வில்லையில்தான் சூட்சுமம் இருக்கிறது. 15.6 மில்லிமீட்டர் விட்டமும் 0.45 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வில்லை ஒன்றின் எடை ஏறத்தாழ 46 மில்லிகிராம். அதன் கொள்ளளவு 177 மில்லி ஆம்பியர் மணி. எதிரே இருக்கும் சிலிக்கான் அரை மில்லிகிராம் என்றால் அதற்குத் தேவை இரண்டுகூட இல்லை. நூறு மடங்கு லித்தியம் சும்மா கிடக்கிறது. சிலிக்கான் தோல் எவ்வளவு தின்றாலும் வில்லை கொடுத்துக்கொண்டே இருக்கும். கிணறு வற்றாத வீட்டில் குடம் ஒழுகுவது யாருக்கும் தெரியாது. உண்மையான பேட்டரியில் கிணறு கிடையாது. கேத்தோடில் அளந்து வைத்த லித்தியம் மட்டும்தான். ஆயிரம் சுற்றுக்குப் பிறகு 80 விழுக்காடு மிஞ்ச வேண்டுமானால் கூலும் திறன் 99.978 ஆக இருந்தாக வேண்டும். 99.87க்கும் 99.978க்கும் இடையிலுள்ள தூரம்தான் ஆய்வகத்துக்கும் கடைக்கும் இடையிலுள்ள தூரம்.

சுவெயின் குழு இதை மறைத்தது என்று யாரும் எண்ண வேண்டாம். எண்ணை அவர்களே அச்சிட்டார்கள். அதே 2014இல், முதல் சுற்று இழப்பை முன்கூட்டியே ஈடுகட்ட லித்தியம் ஏற்றிய சிலிக்கான் துகள்களை அனோடில் கலக்கும் வழியையும் வெளியிட்டார்கள். குறை துறையின் பழக்கத்தில் இருக்கிறது: அரைக் கலத்துச் (கேத்தோடுக்குப் பதில் லித்தியம் வில்லை வைத்த கலத்துச்) சுற்று எண்ணிக்கையைச் சுருக்கத்தின் முதல் வரியில் போடுவது, கூலும் திறனை உள்ளே எங்கோ ஒரு படத்துக்குக் கீழே போடுவது. இன்றும் சிலிக்கான் கட்டுரை எதைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டாவதைத்தான்.

நடுவில் ஒரு கிளைக்கதை. 2013இல் இதே குழு நெல் உமியிலிருந்து அனோடு செய்தது. உமியின் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சிலிக்கா உண்டு, வேர் உறிஞ்சிய சிலிக்காவைப் பயிர் தானே நுண்துகள்களாகப் படியவைத்தது. கரிமப் பொருளை எரித்து, மக்னீசியத்தோடு சூடாக்கினால் அந்த நுண்ணமைப்புக் கலையாமல் சிலிக்கான் கிடைக்கிறது. 300 சுற்றில் 86 விழுக்காடு மிஞ்சியது. நெல் விளையும் நாட்டவர்களுக்கு இந்தச் செய்தி இனித்தது, எனக்கும்தான். ஆனால் உமி நம் ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளல்ல. அரிசி ஆலைக் கொதிகலன்களும் செங்கல் சூளைகளும் அதற்கு விலை கொடுக்கின்றன. தவிர, செலவு உமியில் இல்லை, மக்னீசியத்திலும் அமிலக் கழுவலிலும் இருக்கிறது.

தொழில் பக்கம் வருவோம். கட்டுரை வந்த மறு ஆண்டே, 2008இல், சுவெய் 'ஆம்ப்ரியஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். பேட்டரித் தொழிற்சாலை ஒன்றின் உள்ளே அனோடு எப்படி உருவாகிறது என்பதை நினைத்துக்கொண்டால் அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் விளங்கும். கிராஃபைட் பொடியைப் பசையோடும் நீரோடும் பெரிய கலவைத் தொட்டியில் மாவு போலக் கரைப்பார்கள். செப்புத் தகடு சுருளிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், அதன்மேல் மாவு பூசப்பட்டு, நீண்ட அடுப்பினூடே உலர்ந்து, இரும்பு உருளைகளுக்கு இடையே நசுங்கி வெளியே வரும். நானோ கம்பிக் காட்டை மாவாகக் கரைக்க முடியாது, உருளையில் நசுக்கவும் முடியாது. வாயு அறைக்குள் தகட்டின்மேலேயே வளர்த்தாக வேண்டும். சதுர மீட்டர் கணக்கில், ஒரே சீராக, சிலேனை வைத்துக்கொண்டு.

அவர்கள் விடவில்லை. 2023இல் ஒரு கிலோவுக்கு 500 வாட் மணி தரும் கலத்தை வெளியாள் சோதனையில் நிரூபித்தார்கள். நல்ல கிராஃபைட் கலங்கள் 250இலிருந்து 300க்குள் நிற்கும் காலத்தில் இது பெரிய எண். ஆனால் தோல் பிரச்சினை தீரவில்லை. நீண்ட சுற்று ஆயுளும் குறைந்த விலையும் கேட்கும் கார்க்காரர்களுக்கு இது உதவாது. கைபேசியும் காரும் சும்மா கிடக்கும் நாள்களிலும் சிலிக்கானின் தோல் மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும் என்பது இன்னொரு தொல்லை.

யாருக்கு உதவும்? ஏர்பஸ்ஸின் ஸெஃபைர் என்ற ஆளில்லா விமானத்துக்கு. இறக்கை 25 மீட்டர் அகலம், மொத்த எடை 75 கிலோவுக்குள். வானிலை எட்டாத உயரத்தில், பகலில் சூரிய ஒளியில் பறந்துகொண்டே பேட்டரியை நிரப்பி, இரவெல்லாம் பேட்டரியில் பறக்க வேண்டும். எடையில் ஒவ்வொரு கிராமும் உயிர். ஆம்ப்ரியஸின் நானோ கம்பிக் கலங்களோடு அது 2018இல் கிட்டத்தட்ட 26 நாள் பறந்தது. 2022 ஜூன் 15 அன்று அரிசோனாவில் கிளம்பியது 64 நாள் தரையிறங்கவில்லை.

64 நாள் என்றால் 64 இரவு. 64 இரவு என்றால் பேட்டரிக்கு 64 சுற்று.

ஆயிரம் சுற்று தாங்காத கலம் இங்கே குறைபாடு உள்ள கலமே அல்ல. ஒரு நாளைக்கு ஒரே சுற்று, எடைக்கு எந்த விலையும் கொடுக்கத் தயாரான வாடிக்கையாளர், சில மாதங்களில் மாற்றிவிடக்கூடிய பேட்டரி. நானோ கம்பியின் பலமும் பலவீனமும் அச்சுப் பிசகாமல் பொருந்தும் வேலை. செய்திக் குறிப்பு கனவு கண்ட மடிக்கணினிக்குத் தினமும் ஒன்றிரண்டு சுற்று, நான்கைந்து ஆண்டு, அதுவும் மலிவாக வேண்டும். ஒன்றில்கூடப் பொருத்தமில்லை.

காரிலும் கைபேசியிலும் சிலிக்கான் வராமல் இல்லை, வேறு வாசல் வழியே வந்தது. டெஸ்லா 2015இலேயே கிராஃபைட்டில் சிறிதளவு சிலிக்கான் கலப்பதாக அறிவித்தது. 2021இல் சிலா நிறுவனத்தின் சிலிக்கான் அனோடு கையில் கட்டும் உடல்நலக் கருவி ஒன்றில் விற்பனைக்கு வந்தது. 2023இல் ஹானர் தன் கைபேசி ஒன்றின் சீனப் பதிப்பில் சிலிக்கான் கார்பன் பேட்டரியை வைத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் குரூப்14 நிறுவனம் செய்வதைப் பாருங்கள்: நுண்துளைகள் நிறைந்த கார்பன் துகளை எடுத்து, அதற்குள் சிலேன் வாயுவை விட்டு, துளைகளுக்குள்ளேயே சிலிக்கானைப் படியவைக்கிறார்கள். துளையில் இடம் மிச்சம் இருப்பதால் உள்ளேயே வீங்கிக்கொள்ளும். உள்ளே நானோ, வெளியே மைக்ரான். மாதுளையின் தத்துவம்தான், ஆனால் அத்தனை படி வேலையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இல்லாமல். முக்கியமாக அது பொடி. இருக்கும் கலவைத் தொட்டியிலேயே கொட்டலாம்.

2024 தொடக்கத்தில் ஆம்ப்ரியஸே 'சைகோர்' என்ற புது வரிசையை அறிமுகப்படுத்தியது. சிலிக்கான் அனோடுதான், ஆனால் கம்பி கிடையாது, வழக்கமான பேட்டரி எந்திரங்களிலேயே தயாரிக்கலாம்.

சுவெயும் கம்பியோடு நின்றுவிடவில்லை. மின்கட்டமைப்புக்கு, அதாவது எடை ஒரு பொருட்டே இல்லாத, முப்பது ஆண்டு உழைக்க வேண்டிய இடத்துக்கு, அவர் தேர்ந்தெடுத்தது நிக்கல் ஹைட்ரஜன் பேட்டரியை. செயற்கைக்கோள்களில் ஓடிய பழைய சரக்கு. ஹப்பிள் தொலைநோக்கியோடு 1990இல் மேலே போனவை 2009 வரை மாற்றப்படாமல் உழைத்தன. விலைதான் குறுக்கே நின்றது, ஹைட்ரஜன் முனைக்குப் பிளாட்டினம் வேண்டும். 2018இல் அவருடைய குழு பிளாட்டினத்தை எடுத்துவிட்டு நிக்கல், மாலிப்டினம், கோபால்ட் கலந்த ஊக்கியை வைத்துக் காட்டியது. 2020இல் அதற்கும் 'எனர்வெனு' என்று ஒரு நிறுவனம் பிறந்தது.